கையெழுத்துப் போட்ட கிரிக்கெட் கார்டை வீட்டில் மாட்டி வைப்பது எப்படி?

சேப்பாக்கத்தில் பயிற்சி முடிந்து வெளியே வந்த ஓர் ஆட்டக்காரரிடம், என் கிரிக்கெட் அட்டாக்ஸ் கார்டில் (ஆட்டக்காரர்கள் படம் போட்ட சேகரிப்பு அட்டை) கையெழுத்து வாங்கினேன். வாங்கிய கையோடு அங்கேயே பிளாஸ்டிக் உறைக்குள் திணித்தேன். வீட்டுக்கு வந்து எடுத்தால் கையெழுத்தில் பாதி உறையில் ஒட்டிக்கொண்டு வந்தது. மீதிப் பாதியை ஹாலில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன். இரண்டு கோடையில் கறுப்பு மை பழுப்பாகிவிட்டது. நீங்களாவது இந்த இரண்டையும் செய்யாதீர்கள்.

1. முதலில் காய விடுங்கள்

வழவழப்பான கார்டு மார்க்கர் மையை உறிஞ்சாது. மை மேலாகவே நின்று காயும். விரலில் ஒட்டவில்லை என்பதை நம்ப வேண்டாம், தூசி படாத இடத்தில் ஒரு நாள் முழுக்க மல்லாக்க வைத்துவிடுங்கள். காய்ந்ததும் இரண்டு பக்கத்தையும் நல்ல தெளிவில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

2. உறை

வழக்கமான கார்டின் அளவு 2.5 × 3.5 அங்குலம். அதற்கென்றே ‘பென்னி ஸ்லீவ்’ என்ற மெல்லிய பாலிப்ரொப்பிலீன் உறை கிடைக்கிறது. உறையின் வாயில் ஒரு மூலையைக் கத்தரியால் துளி சாய்வாக வெட்டிவிட்டால், கார்டின் முனை இடிக்காமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். உறையோடு டாப்லோடர் என்ற விறைப்பான பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்தால் பெட்டியில் அடுக்கி வைக்க இது போதும்.

ஸ்டேஷனரி கடை விசிட்டிங் கார்டு ஆல்பம் மட்டும் வேண்டாம். மெத்தென்று வளைந்து, புது ரெயின்கோட் வாசம் அடிக்கிறதா? பெரும்பாலும் அது பிவிசி. அதை வளையவைக்கச் சேர்த்த எண்ணெய் மாதிரியான பொருள் நாளாக ஆகக் கசிந்து மையை இளக்கிவிடும். அப்புறம் லேமினேஷன். “ஜெராக்ஸ் கடையில ஒரு லேமினேஷன் போட்டுட்டா ஆயுசுக்கும் பத்திரம்டா” என்று பெரியப்பா சொல்லுவார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுங்கள். சூட்டில் ஒட்டியதைப் பிரிக்கவே முடியாது.

காட்சிக்கு வைக்கும் கார்டுக்குக் காந்த மூடி போட்ட அக்ரிலிக் ஹோல்டர்தான் என் தேர்வு. வாங்கும்போது தடிமனைப் பாருங்கள். ஒரு ‘பாயிண்ட்’ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண கார்டுக்கு 35 பாயிண்ட், ஜெர்சித் துணி பதித்த கார்டுக்கு 130 அல்லது அதற்கு மேல். ஹோல்டர் பெரிதானால் கார்டு உள்ளே ஆடி முனை மழுங்கும், சிறிதானால் மை அக்ரிலிக்கோடு அழுந்தும். நான்கு மூலையிலும் ஸ்க்ரூ முடுக்கும் பழைய வகையில் இந்த அழுத்தம் இன்னும் அதிகம்.

3. எந்தச் சுவர்?

இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். யூவி (புற ஊதாக் கதிர்) தடுக்கும் ஹோல்டர் வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று வெயிலில் மாட்டுகிறார்கள். யூவி போனாலும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் மையை வெளுத்துக்கொண்டுதான் இருக்கும். எளிதில் மங்கும் பொருட்களுக்கு அருங்காட்சியகங்களில் 50 லக்ஸ் வெளிச்சம்தான் வைப்பார்கள். நேர் வெயிலோ ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ்.

உங்கள் சுவரைச் சோதிக்க மீட்டர் வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகையில் ரோஸ் நிறம் அடித்த இடமாக ஒரு துண்டு வெட்டுங்கள். பாதியை அலுமினியத் தாளால் மூடி, கார்டு மாட்ட நினைக்கும் இடத்தில் ஒட்டுங்கள். ஒரு மாதம் கழித்துத் தாளை எடுங்கள். இரண்டு பாதிக்கும் நடுவே கோடு தெரிந்தால் அந்தச் சுவர் ஆகாது. என் ஹால் சுவரில் கோடு பளிச்சென்று தெரிந்தது. படுக்கையறைக் கதவுக்குப் பின்பக்கச் சுவரில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

4. ஈரம், பூச்சி

கடலோர ஊர்க்காரர்களுக்கு வெயிலுக்கு அடுத்த எதிரி ஐப்பசி, கார்த்திகை. பாத்ரூமை ஒட்டிய சுவரிலும், மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரிலும் மாட்டாதீர்கள். ஹோல்டரை மாட்டும் ஃப்ரேமுக்குப் பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் காற்று போய்வர இடம் இருக்கும். சிலிகா ஜெல்லைத் திறந்த அலமாரியில் போடுவது வீண். மூடி இறுக்கமான டப்பாவுக்குள்தான் அதற்கு வேலை. ஆரஞ்சு மணி பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது, மாற்றுங்கள்.

ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடுவதும் தப்பு. அதன் ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். டப்பா சுத்தமாக, உலர்ந்து இருந்தாலே பூச்சி அவ்வளவாக வராது.

ஹோல்டரில் பல்லி எச்சமிட்டால் (இடும்!) கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயை எடுக்காதீர்கள். அமோனியா கலந்தது என்றால் அக்ரிலிக் புகை மூடியதுபோல் ஆகிவிடும். ஈரமான மெல்லிய துணி போதும்.

5. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாட்டாதீர்கள்

என்னிடம் நாற்பது கார்டுகள் இருக்கின்றன. வெளியே இருப்பது நான்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவை டப்பாவுக்குப் போகும், வேறு நான்கு வெளியே வரும். மிகவும் பிடித்த கார்டு மட்டும் வெளியே வருவதே இல்லை. ஸ்கேன் செய்யச் சொன்னேனே, அதை ஃபோட்டோ ஸ்டூடியோவில் தடித்த தாளில் பிரிண்ட் போட்டு, அளவாக வெட்டி, ஹோல்டரில் வைத்து ஹாலில் அந்த வெயில் சுவரிலேயே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, பெரியப்பா உட்பட.