சர்க்கரை நோயாளியை வீட்டில் கவனித்துக்கொள்ளும் முறை

சர்க்கரை நோய் உள்ளவரைக் கவனித்துக்கொள்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்நோய் வலியை உணரும் திறனையே மெல்லப் பறித்துவிடக்கூடியது என்பதுதான். பல ஆண்டுகள் சர்க்கரை கூடியே இருந்தவரின் பாத நரம்புகள் மரத்துப்போவதால், செருப்பைத் துளைத்து ஆணி ஏறினாலும் அவருக்குத் தெரிவதில்லை. தரையில் உறங்கும்போது எலி கடித்ததை, விடிந்தபின் பாயில் இரத்தக் கறையைப் பார்த்து அறிந்தவர்களும் உண்டு. ஆகவே, அவர் வலிக்கிறது என்று சொல்லும்வரை காத்திராமல் நாமே தேடிப் பார்க்க வேண்டும்.

தினமும் இரவில் நல்ல வெளிச்சத்தில் அவரை உட்காரவைத்து, உள்ளங்கால், குதிகால், விரலிடுக்குகள் ஆகியவற்றைப் பார்த்து, புறங்கையால் தொட்டு, ஒரு பாதம் மற்றதைவிடச் சூடாகவோ சிவந்தோ வீங்கியோ இருக்கிறதா என்று கவனியுங்கள். கழுவிய பாதத்தை விரலிடுக்குவரை ஈரம் போகத் துடைத்து, வெடிப்புள்ள இடங்களில் தேங்காய் எண்ணெய் தடவலாம். ஆனால் விரலிடுக்கில் எண்ணெய் வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை பற்றும். வெந்நீரின் சூட்டை அவர் காலால் பார்க்கக் கூடாது, நீங்கள் முழங்கையால் பாருங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள்; கால் ஆணியைப் பிளேடால் சீவ ஒருபோதும் இடம் கொடாதீர்கள். பெண்களுக்கு மெட்டி இறுகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கால் வீங்கும் நாட்களில் அதுவே புண்ணாக்கிவிடும். வீட்டுக்குள்ளும் செருப்பு அணிவது நல்லது. பின்வார் உள்ள எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பு இதற்கு ஏற்றது. நடுப்பகலில் கோயிலின் கல்தரையில் வெறுங்காலோடு நடப்பதைத் தவிர்த்து, காலையிலோ மாலையிலோ சென்றுவரச் சொல்லுங்கள். சிறு புண் கண்டாலும் சுத்தமான நீரில் கழுவி, துணிக்கட்டுப் போட்டு, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்; காப்பித்தூளும் பற்பசையும் புண்ணுக்கு மருந்தல்ல.

இன்சுலினில் நேரும் பெரிய தவறு, குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் பொருத்தமில்லாமல் போவது. நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 அலகு கொண்ட குப்பியும் 100 அலகு கொண்டதும் விற்கப்படுகின்றன. முன்னதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு. 100 அலகுக் குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் எடுத்தால் மருந்து இரண்டரை மடங்காகிவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் இரண்டிலும் உள்ள எண்ணை உரக்கப் படித்துவிட்டே ஊசியைத் தொடுங்கள். கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டுங்கள். ஒரே இடத்தில் குத்தினால் தோலடியில் கட்டி விழுந்து மருந்து சீராக உறிஞ்சப்படாது, இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் உறைபெட்டியிலிருந்து விலக்கி வையுங்கள், ஒருமுறை உறைந்த இன்சுலின் பயன்படாது. பெட்டி இல்லாத வீட்டில், நீர் தெளித்த மணல் நிரம்பிய மண்பானைக்குள் வேறொரு சிறு பாத்திரத்தில் வைக்கும் பழைய முறையே போதும்.

சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு தோன்றும். நெடுநாள் நோயாளிகளில் சிலருக்கு இந்த அறிகுறிகளும் மங்கிவிடுவதால், பேச்சுக் குழறலையோ காரணமில்லாத கோபத்தையோ கண்டால் உடனே சோதித்துப் பாருங்கள். நினைவோடு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, சீரானதும் இட்லியோ வேறு உணவோ கொடுக்க வேண்டும். அவர் வோக்ளிபோஸ் என்னும், மாவுச்சத்தும் சர்க்கரையும் செரிப்பதைத் தாமதப்படுத்தும் மருந்து கலந்த மாத்திரை சாப்பிடுபவராயின் வீட்டுச் சர்க்கரை உடனே வேலை செய்யாது, குளுக்கோஸ் பொடியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

அதே வீட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை உள்ளவர் இருந்தால், அவர் நோயின் முன்நிலையில் இருக்கிறார். அவருக்கும் எந்த அறிகுறியும் தெரியாது. உணவுக் கட்டுப்பாட்டாலும் நடைப்பயிற்சியாலும் மூன்றாண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்தது என்பதை, 2006-இல் வெளியான இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு காட்டியது. நோயாளியை மாலையில் நடக்க அழைத்துச் செல்லும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்; ஆண்டுக்கு ஒருமுறை அவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.