துக்கத்துல இருக்கறப்போ உயிர்த்தெழுதலை நம்புறது எப்படி

ஈஸ்டர் காலையில ஐயர் (சபைப் போதகர்) "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்"னு சொல்ல, சபை மொத்தமும் "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்"னு திருப்பிச் சொல்றது ஈஸி. அதையே ஒரு செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூர்ல ஸ்கேன் எடுத்துட்டு, ரிப்போர்ட் கவரை மடியில வச்சுக்கிட்டு, பர்லியார் தாண்டி நீலகிரி மலை வளைவுல பஸ் ஏறிட்டு இருக்கறப்போ சொல்லிப் பாருங்க, தொண்டையிலயே நின்னுடும். அந்த பஸ்ல உக்காந்திருக்கறவங்களுக்குத்தான் இதை எழுதுறேன். வீட்டாளை அடக்கம் பண்ணிட்டு வந்து, எல்லா சொந்தக்காரங்களும் மலை இறங்கிப் போனதுக்கு அப்புறம் தனியா உக்காந்திருக்கறவங்களுக்கும்.

முதல்ல ஒண்ணை நிறுத்துங்க. துக்க வீட்ல போய் "அழாதீங்கக்கா, அண்ணன் நல்ல இடத்துக்குத்தான் போயிருக்காரு"ன்னு சொல்றதை. மத்தவங்க கிட்ட மட்டும் இல்ல, உங்களுக்கு நீங்களே சொல்லிக்கிறதையும்தான். யோவான் 11-ஐ எடுத்துப் பாருங்க, லாசரு செத்து நாலு நாள் ஆச்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல அவனை எழுப்பப் போறோம்னு இயேசுவுக்குத் தெரியும், தெரிஞ்சும் அழுதாரு. மார்த்தா வேற நேராவே கேட்டுட்டா, நீங்க இங்க இருந்திருந்தா என் சகோதரன் செத்திருக்க மாட்டானேன்னு. அவர் அவளைத் திட்டல, ஏன் லேட்டா வந்தேன்னு காரணமும் சொல்லல. நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமா இருக்கேன், இதை விசுவாசிக்கிறியான்னுதான் கேட்டாரு. 2009 நவம்பர் மழையில நம்ம ஜில்லாவுல மண்சரிவுல 40 பேருக்கு மேல போனாங்க, அந்த மாதிரி ஒரு வீட்ல போய் நின்னுக்கிட்டு இது எதுக்காக நடந்துச்சுன்னு விளக்கம் கொடுக்கறவங்களைப் பார்த்தா எனக்கு கோபம்தான் வரும். இயேசுவே சொல்லாத காரணத்தை நாம எதுக்குச் சொல்லணும், பக்கத்துல உக்காந்து ஒரு டீ போட்டுக் கொடுத்தா போதும். தெசலோனிக்கேயருக்கு பவுல் எழுதறப்போகூட துக்கப்படாதீங்கன்னு எழுதல, நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி துக்கப்படாதீங்கன்னுதான் எழுதினாரு.

அப்புறம் நம்ம பக்கத்துல பிரசங்கத்துல அடிக்கடி வர்ற ஒரு உதாரணம், கவாத்து. நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தேயிலையை வெட்டி விடறோம், வெறும் குச்சியா நிக்குது, அப்புறம் தளிர் வருது, அதுதான் உயிர்த்தெழுதல்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு, எஸ்டேட்ல வேலை பார்த்தவங்க தலையும் ஆட்டுவாங்க, ஆனா கவாத்து பண்ண செடி சாகவே இல்லையே, வேர் உசுரோடதானே இருக்கு! கல்லறையில வச்ச ஆளுக்கு அப்படி வேர் ஒண்ணும் மிச்சம் இல்ல. இயற்கையா எல்லாம் திரும்ப வந்துரும்னு நினைச்சா, வராத அன்னைக்கு நம்பிக்கையும் போயிரும். செத்தது செத்ததுதான், கடவுள் எழுப்பினா மட்டும்தான் எழுந்திருக்கும். இதை முதல்ல ஒத்துக்கிட்டாத்தான் மத்தது எல்லாம் வேலை செய்யும்.

எதைப் படிக்கிறது, எப்படிப் படிக்கிறது

சந்தோஷமான பகுதியில ஆரம்பிக்காதீங்க. மாற்கு 16, முதல் எட்டு வசனம். விடியக்காலை மூணு பொம்பளைங்க சுகந்த வர்க்கம் (உடம்புல பூசற நறுமணப் பொருள்) எடுத்துக்கிட்டு கல்லறைக்குப் போறாங்க, வழியெல்லாம் ஒரே கவலை, அந்தக் கல்லை யாரு புரட்டுவாங்கன்னு. போய்ப் பார்த்தா கல்லு ஏற்கனவே தள்ளியிருக்கு, வாலிபன் ஒருத்தன் உக்காந்து அவர் எழுந்துட்டாருன்னு சொல்றான், அவங்க நடுங்கிப் போய் ஓடிடறாங்க, பயத்துல யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. 4-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ரெண்டு பழைய கையெழுத்துப் பிரதியில மாற்கு சுவிசேஷமே அதோட முடிஞ்சு போகுது. முதல் ஈஸ்டர்ல முதல்ல வந்தது அல்லேலூயா இல்ல, பயம். உங்களுக்கும் பயமா இருந்தா நீங்க சரியான இடத்துலதான் நிக்கிறீங்க.

அடுத்த வாரம் லூக்கா 24. எருசலேம்ல இருந்து எம்மாவுக்கு 60 ஸ்தாதி தூரம், சுமாரா 11 கிலோமீட்டர், நம்ம கணக்குல ஊட்டியில கிளம்பி லவ்டேல், கேத்தி எல்லாம் தாண்டி அருவங்காடு வர்றதுக்கு முன்னாடி. அவ்வளவு தூரமும் இயேசுவோட சீஷர்கள் ரெண்டு பேர் முகம் வாடி பேசிக்கிட்டே போறாங்க, நாங்க அவரை நம்பியிருந்தோமேன்னு. கூட நடக்குறது இயேசுதான்னே தெரியல. சாப்பாட்டு மேசையில அப்பத்தைப் பிட்டப்போதான் தெரியுது, தெரிஞ்ச உடனே அந்த ராத்திரியிலயே எழுந்து வந்த வழியே திரும்பிப் போறாங்க. தைரியம்னு நான் நினைக்கிறது இதைத்தான், வீரவசனம் எதுவும் இல்ல, விட்டுட்டு வந்த ஊருக்கு இருட்டுல திரும்பி நடக்குறது. முடிஞ்சா இந்த அதிகாரத்தை நீங்களும் நடந்துக்கிட்டே ஒரு ஆள்கூட பேசுங்க, ஃபோன்ல இல்ல, நேர்ல.

மூணாவது யோவான் 20, 21. உயிர்த்தெழுந்தவரைத் தொட்டுப் பார்த்தாத்தான் நம்புவேன்னு சொன்ன சீஷன் தோமாவைப் பத்தி நமக்கு எப்பவும் ஒரு இளக்காரம், சந்தேகப் பேர்வழின்னு. ஆனா அந்த ஆளு ஒண்ணு சரியா செஞ்சாரு. நம்பிக்கை வராத அந்த ஒரு வாரமும் கூட்டத்தை விட்டுட்டுப் போகல, அடுத்த வாரம் அதே வீட்ல, அதே ஆளுங்களோட இருந்தாரு. சந்தேகம் வந்தா ஜெபக் கூட்டத்துக்கு மட்டம் போடாதீங்க, போய் கடைசி பெஞ்சுல உக்காருங்க, பாட்டு பாட முடியலைன்னா மத்தவங்க பாடறதைக் கேளுங்க.

21-ம் அதிகாரத்துல பேதுரு. பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்துல கரிநெருப்புல குளிர் காய்ஞ்சுக்கிட்டே மூணு தடவை அவரைத் தெரியாதுன்னு சொன்ன ஆளு. கடற்கரையில இயேசு அதே மாதிரி ஒரு கரிநெருப்பு போட்டு மீன் சுட்டு வச்சிருக்காரு, முதல்ல வாங்க சாப்பிடுங்கன்னாரு, சாப்பிட்டு முடிஞ்சப்புறம்தான் மூணு தடவை என்னை நேசிக்கிறியான்னு கேட்டாரு. தப்பு பண்ணிட்டோம்னு குத்தவுணர்ச்சியில இருக்கறவங்க (அப்பாவை சீக்கிரம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாமேன்னு தினமும் ராத்திரி அதையே போட்டு உருட்டிக்கிட்டு இருக்கறவங்க எத்தனை பேரு) இந்த அதிகாரத்தை மெதுவா, சத்தமா, ரெண்டு தடவை படிக்கணும்.

இதெல்லாம் முடிச்சுட்டு 1 கொரிந்தியர் 15. சுவிசேஷங்களைவிட இதைத்தான் முன்னாடி எழுதினாங்கன்னு அறிஞர்கள் பெரும்பாலும் சொல்றாங்க, சுமாரா கி.பி. 55, அதாவது சிலுவைக்கு அப்புறம் ஒரு 25 வருஷம்தான். அதுல பவுல், உயிர்த்தெழுந்தவரை ஒரே நேரத்துல 500 பேருக்கு மேல பார்த்தாங்க, அவங்கள்ல அநேகம் பேர் இன்னும் உசுரோடதான் இருக்காங்கன்னு எழுதறாரு, போய்க் கேட்டுக்கோங்கன்னு சொல்ற மாதிரிதான். கிறிஸ்து எழுந்திருக்கலைன்னா உங்க விசுவாசம் வீண்னும் அவரே சொல்லிடறாரு. சும்மா மனசுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்ற பேச்சு இல்ல இது, இந்த ஒண்ணு பொய்னா மொத்தமும் பொய்னு துணிஞ்சு சொல்ற பேச்சு. எனக்கு அந்தத் துணிச்சல்தான் பிடிக்கும்.

இன்னொண்ணு, விசுவாசப் பிரமாணத்துல ஒவ்வொரு ஞாயிறும் சரீரம் உயிர்த்தெழும்னுதான் சொல்றோம், ஆவி எங்கயோ மிதக்கும்னு சொல்றதில்ல. அப்போ இந்த உடம்பு கடவுளுக்கு முக்கியம். படுக்கையில இருக்கற அம்மாவைத் துடைச்சு விடறது, புண்ணுக்கு மருந்து வைக்கிறது, மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கறது எல்லாமே அந்த நம்பிக்கையோட வேலைதான். விசுவாசம் இருக்குன்னு மாத்திரையை நிறுத்தறவங்க பிரமாணத்தைச் சரியா காதுல வாங்கலைன்னு அர்த்தம். அதே மாதிரி தூக்கம் வரல, சாப்பாடு இறங்கல, செத்துடலாம்னு தோணுதுன்னா டாக்டரைப் பாருங்க, 14416-க்கு அடிச்சா டெலி மனாஸ்ல இலவசமா பேசுவாங்க, தமிழ்லயும் பேசுவாங்க. அது விசுவாசக் குறைச்சல் இல்ல.

கல்லறைக்குப் போங்க

கத்தோலிக்க மக்கள் நவம்பர் 2 கல்லறைத் திருநாள்ல போய் புல்லு செதுக்கி, பூ வச்சு, மெழுகுவத்தி ஏத்துறாங்க, நாமளும் ஈஸ்டருக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை அதைச் செய்யலாம், ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. பகல்ல போங்க, மண்வெட்டியும் ஒரு குடம் தண்ணியும் கொண்டு போங்க, பேரை சத்தமா வாசிங்க. சொந்தக் கல்லறை பக்கத்துல இல்லைன்னா ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்குப் போங்க. 1829-ல அடிக்கல் போட்டு, பொது ஆராதனைக்குத் திறந்தது 1831 ஏப்ரல் 3, அன்னைக்கு ஈஸ்டர் ஞாயிறு. உள்ள இருக்கற மர உத்திரம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்புவோட அரண்மனையில இருந்து கொண்டு வந்ததுன்னு எல்லா கைடும் சொல்லுவாங்க, அதைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிடாம பின்னாடி மேட்டுல இருக்கற கல்லறைத் தோட்டத்துக்கு ஏறுங்க. ஊட்டியை உருவாக்கின சல்லிவனோட மனைவியும் மகளும் அங்கதான். சின்ன வயசுல போனவங்க கல்லுங்களை நின்னு படிங்க. ஈஸ்டர்ல திறந்த கோயிலுக்குப் பின்னாடியே இவ்வளவு சாவு படுத்திருக்கு, ரெண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழகணும்.

பெரிய வெள்ளிக்கு ஊட்டி காந்தல் குருசடியில கூட்டம் அலைமோதும், ஞாயிறு எல்லா கோயிலும் நிறையும், நடுவுல இருக்கற சனிக்கிழமையை யாரும் கண்டுக்கறதில்ல, கேக் ஆர்டர் வாங்கவும் மட்டன் சொல்லி வைக்கவும் போயிடுது. துக்கத்துல இருக்கறவங்களுக்கு அந்த சனிக்கிழமைதான் சொந்த நாள், ஒண்ணும் நடக்காத நாள். அன்னைக்கு ஃபோனை ஒரு மணி நேரம் அணைச்சுட்டு சும்மா இருங்க, ஜெபம்கூட வரலைன்னா பரவாயில்ல. ராத்திரி பக்கத்துல கத்தோலிக்கக் கோயில் இருந்தா பாஸ்கா திருவிழிப்புக்கு ஒரு தடவை போய் நில்லுங்க, நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆளுதான், இருந்தாலும் சொல்றேன். விளக்கு எல்லாம் அணைச்சுட்டு, வெளிய புது நெருப்பு மூட்டி, அதுல பாஸ்கா திரிங்கிற பெரிய மெழுகுவத்தியை ஏத்தி, அதுல இருந்து ஒவ்வொருத்தர் மெழுகுவத்தியா பத்த வைப்பாங்க.

விடியக்காலை ஆராதனைக்குப் போறவங்களுக்கு: ஸ்வெட்டர், குல்லா, டார்ச், தனியா மட்டும் கிளம்பாதீங்க. குன்னூர், கோத்தகிரி பக்கம் அந்த நேரத்துல ரோட்டுல காட்டெருமை நிக்கும், கரடியும் வரும். அந்தப் பொம்பளைங்களுக்கு கல்லை யாரு புரட்டுவாங்கன்னு கவலை, நமக்கு இதுங்களை யாரு விரட்டுவாங்கன்னு. நாலஞ்சு பேரா, பேசிக்கிட்டே போங்க. மகதலேனா மரியாளுக்கு முதல்ல அவரை அடையாளம் தெரியல, தோட்டக்காரர்னு நினைச்சா, பேரைச் சொல்லிக் கூப்பிட்டப்போதான் தெரிஞ்சுது. உங்களுக்கும் அன்னைக்கே எல்லாம் புரிஞ்சுடணும்னு இல்ல.

பண்டிகை முடிஞ்ச திங்கக்கிழமை என்ன பண்றதுன்னும் பவுலே சொல்றாரு. 1 கொரிந்தியர் 15 கடைசி வசனம், நீங்க படற பாடு வீணாகாது, அதனால அசையாம நின்னு கர்த்தரோட வேலையை இன்னும் நிறைய செய்யுங்கன்னு முடியும். மரணமே உன் கூர் எங்கேன்னு அவ்வளவு உயரத்துல பாடிட்டு, அடுத்த வசனம், 16:1, ஏழைங்களுக்குச் சேர்க்கிற தர்மப்பணம்! வாரத்தோட முதல் நாள்ல ஒவ்வொருத்தரும் வருமானத்துக்குத் தக்கபடி எடுத்து வைங்கன்னு கணக்கு பேச ஆரம்பிச்சுடறாரு. அதே மாதிரி நீங்களும் ஒரு டப்பா வைங்க. உங்க எஸ்டேட் லைன் வீடுங்கள்ல, உங்க தெருவுல, போன வருஷம் சாவு விழுந்த வீடு எதுன்னு உங்களுக்குத் தெரியும், அவங்க எந்த சபையா இருந்தாலும், எந்த மதமா இருந்தாலும் சரி, அரிசி, டீத்தூள், பிள்ளைங்களுக்கு நோட்டு, கொஞ்சம் வர்க்கி வாங்கிட்டு சாயங்காலம் போய்க் கதவைத் தட்டுங்க. அவங்க செத்துப் போனவரைப் பத்திப் பேசினா பேச்சை மாத்தாதீங்க.