மேல் கடைவாய்ப்பல்லின் உள்பக்கம்: கரபெல்லி முகட்டைப் பார்த்துக் குறிப்பது எப்படி

மதுரையில் ஒரு பல் லேபில் 26 வருடமாக வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் வாயில் எடுத்து அனுப்பும் அளவுகளில் (பல் அச்சுகளில்) ஸ்டோன் என்ற கெட்டியாகும் மாவைக் கரைத்து ஊற்றி மாடல் எடுப்பது என் காலை வேலை. ஒருநாள் ஒரு அம்மாவின் மாடலும் அவர் மகளின் மாடலும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மேல் வரிசையின் முதல் கடைவாய்ப்பல்லில், அண்ணத்தைப் பார்க்கும் பக்கம், அம்மாவுக்கு ஒரு சின்னக் குழி. அதே இடத்தில் மகளுக்கு நொய்யரிசி அளவில் ஒரு முகடு, அதாவது மேடாக எழுந்த ஒரு சின்னக் கூம்பு. ஒரே குடும்பத்தின் கைரேகை மாதிரி தோன்றியது. அன்றிலிருந்து பார்க்கும் ஒவ்வொரு மேல் மாடலிலும் அந்த இடத்தைத்தான் முதலில் தேடுகிறேன்.

இதற்குக் கரபெல்லி முகடு என்று பெயர். வியன்னாவில் இருந்த பல் மருத்துவர் கியோர்க் கரபெல்லி 1842இல் இதை விவரித்தார். பரம்பரையாக வருவதுதான், ஆனால் ஒற்றை மரபணு கொடுப்பது அல்ல. பல மரபணுக்கள் சேர்ந்து உருவாக்குவதால் ஒருவருக்குக் கோடாகவும் இன்னொருவருக்குக் குழியாகவும் மூன்றாமவருக்கு முழு முகடாகவும் வருகிறது.

முதலில் சரியான பல்லைப் பிடியுங்கள். நடுக்கோட்டில் இருந்து எண்ணினால் ஆறாவது பல், ஏறக்குறைய ஆறு வயதில் முளைப்பது. அதன் உள்பக்கத்தில் இரண்டு முகடுகள் இருக்கும். முன்னால் இருக்கும் பெரிய முகட்டின் சுவரில்தான் தேட வேண்டும். இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப்பற்களிலும் சிலருக்கு இருக்கும். ஆனால் பின்னால் போகப் போகப் பல்லின் வடிவம் நிலையில்லாமல் மாறும். அதனால் எத்தனை பேருக்கு இது இருக்கிறது என்று ஆய்வாளர்கள் ஆறாவது பல்லை வைத்தே கணக்கு எடுக்கிறார்கள்.

யாருடைய பல் என்பதும் முக்கியம். எட்டு வயதில் இருந்து பதினெட்டு வரை நல்லது. வயதானவர்களிடம் தேய்மானம் மெல்லிய கோடுகளை முதலில் அழித்துவிடும். அந்தக் குழியில் உணவு தங்கிச் சொத்தை வருவதும் உண்டு. சிமென்ட் அடைத்த பல்லையும் கேப் போட்ட பல்லையும் கணக்கில் சேர்க்காதீர்கள். "இல்லை" என்று எழுதவும் கூடாது, "பார்க்க முடியவில்லை" என்று எழுதுங்கள். இந்த இரண்டையும் குழப்பினால் மொத்தக் கணக்கும் கெட்டுப்போகும்.

வாய்க்குள் பார்ப்பதைவிட மாடலில் பார்ப்பது மேல். ஈரமான எனாமல் பளபளப்பதால் கோடு தெரியாது. அளவு எடுக்கும்போது ட்ரேயை வாயில் வைக்கும் முன், டாக்டர் அச்சு எடுக்கும் பசையான ஆல்ஜினேட்டைக் கொஞ்சம் விரலால் அந்த உள்சுவரில் தடவிவிட்டால் காற்று சிக்காது. ஸ்டோனை உடனே ஊற்றிவிட வேண்டும், தாமதித்தால் ஆல்ஜினேட் சுருங்கும். மாடல் காய்ந்ததும் அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் இல்லை என்று நினைத்த பள்ளமும் நிழலோடு எழும். நகைப் பட்டறையில் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முதல் வருடம் நான் பெரிய கரபெல்லி முகடு என்று குறித்த மூன்று, பிறகு பார்த்தால் காற்றுக் குமிழ்கள். ஆல்ஜினேட்டில் சிக்கிய காற்று மாடலில் ஸ்டோன் மணியாக வந்து நிற்கும். மணி முழு உருண்டையாக இருக்கும், அடி குறுகியிருக்கும், கத்தி நுனி பட்டால் தெறித்துவிடும். உண்மையான முகட்டின் அடி அகன்று பல்லோடு கலந்திருக்கும், பல்லின் முன்னால் இருக்கும் பெரிய முகட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு பள்ளம் ஓடும். சந்தேகம் இருந்தால் மறுபக்கத்துப் பல்லைப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்.

அப்புறம் மதிப்பெண். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டி டர்னரும் உடனிருந்தவர்களும் 1991இல் வெளியிட்ட முறையில் 0 முதல் 7 வரை படிகள். வழுவழுப்பான சுவர் 0. கோடு 1, குழி 2. ஒய் எழுத்து மாதிரிப் பள்ளம் சிறிதானால் 3, பெரிதானால் 4. அதற்கு மேல் முகடு: நுனி பிரியாத சிறியது 5, நடுத்தரம் 6, நுனி தனியாக நிற்கும் பெரியது 7. உண்டு, இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சின்னப் படிகள் உலகம் முழுக்க எல்லாரிடமும் உண்டு. பெரிய முகடு எந்த மக்களிடம் எத்தனை பேருக்கு என்பதில்தான் வேறுபாடு தெரியும். ஐரோப்பியர்களிடம் அது அதிகம். இரண்டு பக்கமும் குறித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு எண் எழுதும்போது பெரியதை எடுங்கள்.

ஒரு பல்லைப் பார்த்துச் சாதி சொல்ல முடியுமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முடியாது, அப்படிச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். பல அம்சங்களைப் பல பேரிடம் எண்ணிச் சதவீதங்களை ஒப்பிட்டால்தான் மக்கள் கூட்டங்களின் உறவு தெரியும். மேல் முன்பற்களின் பின்பக்க ஓரங்கள் வயல் வரப்பு மாதிரி உயர்ந்திருப்பது கிழக்கு ஆசியாவிலும் அமெரிக்கப் பூர்வகுடிகளிடமும் மிக அதிகம். அதையும் வேறு பல அம்சங்களையும் சேர்த்து வைத்துத்தான் அமெரிக்கப் பூர்வகுடிகளின் வேர் வடகிழக்கு ஆசியாவில் என்று டர்னர் வாதிட்டார்.

புனே அருகே இனாம்காவ் அகழாய்வில் வீட்டுத் தரைக்கடியில் தாழிகளில் புதைத்த குழந்தைகள் கிடைத்தார்கள். அவர்களுடைய பற்களை ஆராய்ந்தவர்களில் ஜான் லூகாக்ஸ் ஒருவர். ஏறக்குறைய மூவாயிரம் வருடம் மண்ணில் கிடந்த பற்கள் அவை. பாலகரின் பல் தேய்ந்திருக்காது, வடிவம் அப்படியே இருக்கும். மேல் இரண்டாம் பால் கடைவாய்ப்பல்லிலும் கரபெல்லி முகடு வரும், அதையும் விடாமல் பாருங்கள்.

எழுதிய நோட்டை இரண்டு வாரம் மூடி வைத்துவிட்டு, பழைய எண்ணைப் பார்க்காமல் எல்லா மாடலையும் மறுபடி குறியுங்கள். ஒரு படி வித்தியாசம் வருவது சகஜம். இரண்டு படி தள்ளிப்போனால் அந்த மாடலை மட்டும் தனியே எடுத்து வைத்து, இந்த வேலை தெரிந்த இன்னொருவரின் கண்ணுக்குக் காட்டுங்கள்.