ஒரு குளியலறை, மூன்று குழந்தைகள்

பெங்களூர் அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் படுக்கையறை இரண்டு, குளியலறை ஒன்று, பிள்ளைகள் மூன்று. பெரியவளுக்கு 8 வயது, நடுவனுக்கு 5, கடைக்குட்டிக்கு ஒன்றரை. இரண்டு பிள்ளைகள் இருந்தவரை ஆளுக்கொருவரைப் பிடித்துக்கொண்டு நானும் கணவரும் ஒப்பேற்றிவிட்டோம். மூன்றாவது பிறந்த பிறகு பிள்ளைகளின் எண்ணிக்கை பெரியவர்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டதால் அந்தக் கணக்கு செல்லுபடியாகாமல் போயிற்று. ஊரிலிருந்து மாமியார் வந்து தங்கும் இரண்டு மூன்று மாதங்களைத் தவிர, மூவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பொருள் தேவைப்படாதபடி நாளை அடுக்கி வைப்பதுதான் எங்களுக்குக் கைகொடுத்த வழி. எழுப்புவது, குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, தூங்கவைப்பது என எல்லாவற்றிலும் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே கொஞ்சமாவது இடைவெளி விட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

இந்த நகரத்தில் பல பகுதிகளுக்குக் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது, அதுவும் சில மணி நேரமே. 2024 கோடையில் டேங்கர் லாரிக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது உண்மைதான் என்றாலும், தெருக் குழாயில் என்று எப்போது தண்ணீர் வரும் என்பதைக் கணக்கில் கொள்ளாமல் மூன்று குழந்தைகள் இருக்கும் வீட்டை நடத்த முடியாது. எனவே ஒரே கால அட்டவணையை வைத்துக்கொண்டு அல்லாடாமல், தண்ணீர் நாளுக்கு ஒன்று, தண்ணீர் வராத நாளுக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒரு அட்டையின் இருபுறமும் இரண்டையும் எழுதிக் குளியலறைக் கதவில் மாட்டியிருக்கிறோம். துணி துவைப்பது, படுக்கை விரிப்புகளை அலசுவது, தலைக்குக் குளிப்பது ஆகியவை தண்ணீர் நாளுக்கு உரியவை. மற்ற நாளில் ஆளுக்கு ஒரு வாளியோடு முடித்துக்கொள்ள வேண்டும். தலைக்குளியலிலும் மூவரையும் ஒரே நாளில் நிறுத்துவதில்லை. பெரியவளின் முடியை உலர்த்தவே முக்கால் மணி நேரம் ஆவதால், அவளுக்குச் சனி, ஞாயிறில் எது தண்ணீர் நாளோ அது. பையன்களுக்கு வார நடுவில் ஒரு நாள்.

தண்ணீரைப் பிடித்து வைக்கும் வீடுகளில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. தவழும், தத்தித் தத்தி நடக்கும் வயதுக் குழந்தைக்கு உடலின் அளவுக்குத் தலை கனம் அதிகம் என்பதால், வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. ஒரு சாண் ஆழத் தண்ணீரே உயிரைப் பறிக்கப் போதுமானது. டிரம்முக்கு இறுக்கமான மூடி போட வேண்டும், பயன்படுத்தாத வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும், குளியலறைக் கதவுக்கு வெளிப்புறத்தில், பெரியவர்களின் கைக்கெட்டும் உயரத்தில் தாழ்ப்பாள் வைக்க வேண்டும். குளிப்பாட்டும்போது வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்து, அதன் பிறகே கீசர் தண்ணீரைக் கலக்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், நீங்கள் துண்டை எடுக்கத் திரும்பும் நேரத்தில் குழந்தை கொதிநீரில் கையை விட்டுவிடும்.

காலை 6.10 முதல் 7.50 வரை

எங்கள் தெரு முனைக்குப் பள்ளி வேன் 7.50க்கு வருகிறது. சுறுசுறுப்பான பிள்ளையை முதலில் எழுப்பி வேலையை முடித்துவிட்டால் பிறகு மந்தமானவனைக் கவனிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஓராண்டு அப்படியே செய்து, ஓராண்டும் வேனுக்குப் பின்னால் ஓடினேன். நடுவன் எழுந்ததும் ஏறத்தாழ இருபது நிமிடம் யாரோடும் பேசமாட்டான், பாயிலேயே போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். அந்த இருபது நிமிடத்தை அவனிடமிருந்து பிடுங்க முயன்றால் அழுகையில் நாற்பது நிமிடம் போய்விடும். எனவே இப்போது 6.10க்கு அவனை எழுப்பி உட்காரவைத்துவிட்டு, 6.15க்குப் பெரியவளைக் குளியலறைக்கு அனுப்புகிறேன். அவள் வெளியே வரும்போது இவன் பாயை விட்டு எழுந்து வந்திருப்பான். கடைக்குட்டி 7 மணிக்கு எழும்போது குளியலறை காலியாக இருக்கும். உங்கள் வீட்டில் யாருக்கு எத்தனை நிமிட மயக்கம் என்பதை ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதன்பிறகு வரிசையை முடிவு செய்யுங்கள்.

சீருடை, பை, தண்ணீர் பாட்டில் ஆகியவற்றை முந்தைய இரவே வாசலருகே எடுத்து வைக்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். காலுறைகளைப் பற்றி யாரும் சொல்வதில்லை. காலை நேரத்தைத் தின்பதோ அவைதான். இருவருடைய பள்ளிக் காலுறைகளும் ஒரே நிறம், அளவில் இரண்டு விரற்கடை வித்தியாசம். அவற்றின் உள்விளிம்பில் பெரியவளுக்குச் சிவப்பு நூலும் நடுவனுக்கு மஞ்சள் நூலும் வைத்து இரண்டு தையல் போட்டுவிட்டேன். ஐந்து வயதுப் பையன் எழுத்துக்கூட்டிப் பெயரைப் படிக்கத் தடுமாறலாம், மஞ்சள் நூலைக் கண்டுபிடிக்கத் தடுமாறமாட்டான். பி.டி. நாளுக்குரிய வெள்ளைக் கேன்வாஸ் காலணியைத் துவைத்து உலர்த்த இங்கே மழைக்காலத்தில் இரண்டு நாளாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரே மாவு, மூன்று தட்டு

மூவருக்கும் மூன்று சமையல் செய்யத் தொடங்கினால் அடுப்படியை விட்டு வெளியே வரவே முடியாது. சமைப்பது ஒன்றாகவும் பரிமாறுவது மூன்று விதமாகவும் இருக்கலாம். ஒரே மாவில் கடைக்குட்டிக்குப் பருப்பும் நெய்யும் பிசைந்த இட்லி, நடுவனுக்குப் பொடி தூவிய சின்ன தோசை, பெரியவளின் டப்பாவுக்கு முந்தைய நாள் இட்லியை உதிர்த்துத் தாளித்த உப்புமா என்று முடித்துவிடலாம். சென்னையிலிருந்து வந்த புதிதில் எனக்குப் புரியாத ஒன்று, டிசம்பர், ஜனவரியில் இந்த ஊர்க் குளிரில் மாவு பொங்காது என்பது. மாலை அரைத்து வைத்த மாவு காலையில் அப்படியே கல்லாக உட்கார்ந்திருக்கும். அந்த மாதங்களில் மதியமே அரைத்து, உப்புப் போட்டுக் கையால் நன்றாகக் கலக்கி, பாத்திரத்தைக் கம்பளித் துணியில் சுற்றி மூடிய அலமாரிக்குள் வைக்க வேண்டும். அப்படியும் பொங்காத நாளுக்கென்று அவல் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

வாரத்தில் மூன்று நாளாவது ராகி சேர்க்கிறோம்; 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, கர்நாடகத்தில் வாழ்ந்துகொண்டு அதை விட்டுவிடுவதற்குக் காரணமே கிடையாது. கடைக்குட்டிகள் சோற்றைத் தள்ளிவிட்டுப் பாலையே கேட்டு வளர்வதும் உண்டு. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் கொடுத்தால் பசி மந்தித்து, உணவிலிருந்து கிடைக்க வேண்டிய இரும்புச்சத்து குறைந்துபோகும். மூத்தவர்களின் தட்டில் இருப்பதெல்லாம் சின்னவனின் வாய்க்கும் போகும் வீடு இது என்பதால், வறுத்த வேர்க்கடலை மூவருக்குமே பொடித்துத்தான் கிடைக்கும், திராட்சை நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான் கிடைக்கும். முழுக் கடலை வேண்டுமென்று பெரியவள் முறையிடுகிறாள். அவளுக்குப் பள்ளி டப்பாவில் வைத்து அனுப்புகிறேன்.

பயன்படுத்திய டயப்பரைச் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்புக் கூடையில் போடுங்கள். பச்சைக் கூடையில் ஈரக் குப்பையோடு சேர்த்துவிட்டால் காலையில் குப்பை வண்டிக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள நேரிடும், நியாயமாகவே.

மாலை நேரம்

நான்கு மணிக்கு இருவரும் பள்ளியிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து ஏழரை மணிக்குக் கணவர் வீடு திரும்பும் வரையிலான நேரமே ஒரு நாளின் கடினமான பகுதி. பசி, களைப்பு, வீட்டுப்பாடம் மூன்றும் அப்போது ஒன்றுசேர்கின்றன. வந்தவுடன் வயிற்றுக்கு ஏதேனும் கொடுத்துவிட்டு மூவரையும் தெருவுக்கோ மாடிக்கோ அழைத்துச் சென்றுவிடுவது நல்லது. வீட்டுப்பாடத்தைப் பொறுத்தவரை எங்களுக்கிருந்த சிக்கல், பெரியவள் நோட்டை விரித்தால் சின்னவன் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வது. அவனைத் தூக்கி அப்புறப்படுத்திக்கொண்டே இருந்ததில் யாருக்கும் பயனில்லை. அவன் தன் உயர நாற்காலியில் வார் பூட்டி உட்கார்ந்து இரவுச் சோற்றைக் கையால் அள்ளி விளையாடியபடி சாப்பிட 25 நிமிடம் எடுத்துக்கொள்கிறான் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். இப்போது 6.30க்கு அவன் நாற்காலியில் ஏறும்போது மற்ற இருவரும் அதே மேசையின் மறுபக்கத்தில் நோட்டை விரிக்கிறார்கள். எழுத்து வேலை முழுவதும் அந்த 25 நிமிடத்துக்குள், படிக்கும் வேலை அதற்குப் பிறகு. கன்னடப் பாடம் மட்டும் எனக்குக் கைக்கெட்டாதது. அதற்குப் பெரியவள் கீழ்வீட்டு அஜ்ஜியிடம் (கன்னடத்தில் பாட்டி) போய் உட்கார்ந்துகொள்கிறாள், திரும்பி வரும்போது என் கன்னட உச்சரிப்பில் ஒரு பிழையையாவது திருத்தாமல் இருப்பதில்லை.

சண்டை மூளும்போது முதலில் அடித்தவர் யார் என்று விசாரிக்க வேண்டாம், மூன்று சாட்சிகளும் மூன்று கதை சொல்வார்கள். சண்டைக்குக் காரணமான பொருளை அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் மற்றவர் தொடக்கூடாத ஒரு பெட்டி இருக்க வேண்டும். பெட்டிக்கு வெளியே கிடப்பதெல்லாம் பொதுச்சொத்து. போன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயதுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் கூறுகிறது. நாங்கள் பெரும்பாலும் அதன்படியே நடக்கிறோம், கடைக்குட்டிக்கு நகம் வெட்டும் ஐந்து நிமிடத்தைத் தவிர.

வெளியே போகும் நாளில் ஸ்கூட்டரைத் தொடாதீர்கள். ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவர் மட்டுமே அமரலாம் என்பதுதான் சட்டம். அது தவிர, 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைக்குத் தலைக்கவசமும் ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்பு வாரும் கட்டாயம், வேகமும் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஐந்து பேருக்கு ஆட்டோவும் போதாது. மெட்ரோ நிலையம் நடக்கும் தூரத்தில் இருந்தால் அதற்கு நிகர் எதுவுமில்லை.

காய்ச்சல் வந்தால்

ஒருவருக்கு வந்தால் மூவருக்கும் வரும், ஆனால் ஒரே நாளில் வராது. கடந்த மழைக்காலத்தில் நடுவனுக்கு இரவு 9 மணிக்கு நான் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுச் சின்னவனோடு படுத்துவிட்டேன். அதை அறியாமல் 10 மணிக்குக் கணவரும் ஒரு முறை கொடுத்துவிட்டார். மருத்துவரை அழைத்துக் கேட்டுவிட்டு இரவு முழுவதும் விழித்திருந்தோம், நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு சிறு நோட்டையும் பென்சிலையும் கட்டித் தொங்கவிட்டோம். யாருக்கு, எந்த மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்று எழுதிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும்.

பாராசிட்டமாலின் அளவு வயதைப் பொறுத்ததன்று, எடையைப் பொறுத்தது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு அதிகபட்சம் 15 மில்லிகிராம், இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது 4 மணி நேரம், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. கடைகளில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் கொண்ட சிரப்பும் கிடைக்கிறது, 250 மில்லிகிராம் கொண்டதும் கிடைக்கிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்றால், முதல் பாட்டிலில் அது 6 மில்லிக்குச் சற்று மேல், இரண்டாவது பாட்டிலில் 3 மில்லி. பாட்டிலை மாற்றி எடுத்தால் அளவு இரண்டு மடங்காகிவிடும். எனவே வீட்டில் ஒரே அடர்த்தியுள்ள சிரப்பை மட்டும் வைத்துக்கொண்டு, மூவருடைய எடைக்கும் உரிய மில்லி அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கிப் பாட்டிலோடு ஒட்டிவையுங்கள். எடை கூடக்கூட அதைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கும்போது அது எவ்வளவு தண்ணீருக்கானது என்று படித்துப் பாருங்கள்; ஒரு லிட்டருக்கானதும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. கரைத்ததை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிட வேண்டும். சர்க்கரை மிகுந்த பானங்கள் அதே பெயரைத் தாங்கி விற்கப்பட்டு வந்ததால், உலக சுகாதார நிறுவனத்தின் சேர்மானத்தில் இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்த 2025 அக்டோபரில் தடை விதிக்கப்பட்டது. அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு வந்ததை வாங்கிப் பழகியவர்கள் இனி மருந்துக்கடையில் பொட்டலமாகவே கேட்டு வாங்கலாம்.

படுக்கை

தூக்கத்திலும் அதே அடுக்குமுறைதான். ஒன்றரை வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தேவை, பெரியவளின் வயதுக்கு 9 முதல் 11 மணி நேரம் போதும் என்பதால், கடைக்குட்டி 7.45க்கும் நடுவன் 8.30க்கும் பெரியவள் 9 மணிக்கும் படுக்கிறார்கள். மூவரையும் ஒன்றாகப் படுக்கவைத்த நாட்களில் ஒருவர் மற்றவரைச் சிரிக்கவைத்துப் பத்தரை வரை இழுத்தார்கள். கடைசி அரை மணி நேரம் முழுவதும் பெரியவளுக்கு உரியது. பகலெல்லாம் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்தவள் அப்போதுதான் பள்ளியில் நடந்ததை வாய்விட்டுச் சொல்கிறாள். அந்த நேரத்தில் நான் துணி மடிப்பதைக்கூட நிறுத்திவிடுகிறேன். பேசி முடித்து எழும்போது மறுநாள் தண்ணீர் வருமா என்று கேட்டுவிட்டு, குளியலறைக் கதவில் தொங்கும் அட்டையை உரிய பக்கம் திருப்பி மாட்டிவிட்டுப் படுக்கப் போவது அவளுடைய வேலை.