டயாலிசிஸோடு அமெரிக்கா வரும் வடசென்னைக்காரர்களுக்கு: மருந்துச் செலவை யார் கட்டுவது?

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்திலிருந்து அமெரிக்கா வரும் குடும்பத்தில் யாருக்காவது கிட்னி செயலிழந்திருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன்பே மருந்துக் கணக்கைப் பார்த்துவிடுங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று இலவசமாக வாங்குவது, தெருமுனை மெடிக்கலில் பழைய அட்டையைக் காட்டி வாங்குவது எல்லாம் இங்கே நடக்காது. கையிருப்பு மூன்று மாதத்துக்கு மேல் போகாமல், அட்டையைப் பிரிக்காமல், டைப் அடித்த டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

மெடிகேர் என்ற அமெரிக்க அரசு மருத்துவ இன்சூரன்ஸ் 65 வயதானவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், கிட்னி செயலிழந்தவர்களுக்கு 1973 முதலே வயது பார்க்காமல் கொடுக்கிறார்கள். ஆனால் நோயாளியோ அவருடைய கணவன், மனைவியோ இங்கே போதுமான காலம் வேலை செய்து வரி கட்டியிருக்க வேண்டும், நோயாளி சின்னப் பிள்ளை என்றால் அப்பா அம்மா கட்டியிருந்தாலும் சரி. "பையன்தான் பத்து வருஷமா கட்றானே" என்று கேட்காத அம்மா இல்லை. பையன் கட்டிய வரி அம்மாவுக்கு ஆகாது. கிரீன் கார்டில் வரும் பெற்றோர் வந்த 60 நாளுக்குள் மார்க்கெட்பிளேஸ் என்ற அரசு ஏற்பாட்டில் தனியார் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும், பழைய நோயைக் காட்டி அங்கே மறுக்க முடியாது. விசிட்டர் விசாவில் டயாலிசிஸ் நோயாளியைக் கூட்டி வருவது பெரிய பேஜார், என்னைக் கேட்டால் வேண்டவே வேண்டாம்.

மெடிகேர் கிடைத்தாலும் பெரும்பாலும் டயாலிசிஸ் தொடங்கிய நான்காவது மாதம்தான் ஆரம்பிக்கும். வேலை வழியாக கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தால் முதல் 30 மாதம் அதுதான் முதலில் கட்டும்.

மெடிகேரில் மருந்து இரண்டு கணக்கில் வரும், பார்ட் பி என்பது டாக்டர், டயாலிசிஸ் செலவுக்கான பகுதி, பார்ட் டி என்பது கடையில் வாங்கும் மருந்துக்கான பகுதி, குழப்பமே இங்கேதான். ரத்தம் ஊற போடும் எபோ ஊசி, இரும்புச்சத்து ஊசி எல்லாம் பார்ட் பி, டயாலிசிஸ் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். சாப்பாட்டோடு போடுகிற செவலமர் மாதிரி பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரைகளும் 2025 ஜனவரியிலிருந்து இதில் சேர்ந்துவிட்டன, அதனால் அதை யூனிட்டில்தான் கேட்க வேண்டும். பார்ட் பியில் 20 சதவீதம் நம் தலையில், அதற்கு உச்சவரம்பும் கிடையாது. பிரஷர், சுகர் மாத்திரைகளுக்கு பார்ட் டி. அதில் 2026-ல் நம் கையிலிருந்து போவது வருடத்துக்கு 2,100 டாலருக்கு மேல் போகாது, இன்சுலினுக்கு மாதம் அதிகபட்சம் 35 டாலர். 'இப்போ எதுக்கு' என்று பார்ட் டியைத் தள்ளிப்போட்டு, ஈடான வேறு மருந்து இன்சூரன்ஸும் இல்லாமல் 63 நாள் விட்டீர்களானால், பின்னால் சேரும்போது மாதாமாதம் அபராதமும் கட்ட வேண்டியிருக்கும்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். கிட்னிக்காக மட்டும் வந்த மெடிகேர் ஆபரேஷன் முடிந்து 36 மாதத்தில் நின்றுவிடும், ஆனால் புது கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாதிரி மாத்திரையை அப்புறமும் நிறுத்தவே கூடாது. வேறு இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கு இந்தத் தடுப்பு மாத்திரைகளுக்கு மட்டுமான தனி பார்ட் பி 2023-லிருந்து இருக்கிறது, மாதச் சந்தா கட்ட வேண்டும். மற்ற மாத்திரைகள் அதில் வராது.

ஒவ்வொரு டயாலிசிஸ் யூனிட்டிலும் சோஷியல் வொர்க்கர் ஒருவர் இருப்பார். வருமானம் குறைவு என்றால், பார்ட் டி செலவைக் குறைக்கும் 'எக்ஸ்ட்ரா ஹெல்ப்' அரசு உதவிக்கு மனு போடுவதற்கும் அவரையே பிடியுங்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள், அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.