ஃபோல்டர் டி டிரைவில், ஷார்ட்கட் டெஸ்க்டாப்பில்

டெஸ்க்டாப் என்பது தனி இடம் அல்ல. சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டரைத் திறந்து, உங்கள் பெயருக்குள் போனால் அதுவும் ஒரு ஃபோல்டராக அங்கே இருக்கும். கணினி மக்கர் செய்து, சி டிரைவை ஃபார்மேட் அடித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினால், டெஸ்க்டாப்பில் கிடந்த பில், போட்டோ, புராஜெக்ட் எல்லாம் அதோடு போய்விடும். அதனால் அசல் ஃபோல்டரை டி டிரைவில் வையுங்கள். டெஸ்க்டாப்புக்கு அதன் ஷார்ட்கட் (அசலைத் திறக்கும் சிறு ஐகான்) போதும். (ஒரே டிஸ்கைத்தான் சி, டி என்று பிரித்திருக்கிறார்கள் என்றால், டிஸ்க் பழுதாகும்போது இரண்டுமே போகும். பேக்கப் தனியாக எடுக்கத்தான் வேண்டும்.)

ஷார்ட்கட் போடப் பல வழிகள் உண்டு. தவறு நேராத வழி, மவுஸின் வலது பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஃபோல்டரை டெஸ்க்டாப்புக்கு இழுத்து விடுவது. கையை எடுத்ததும் ஒரு சிறு மெனு வரும். அதில் 'கிரியேட் ஷார்ட்கட்ஸ் ஹியர்' என்பதைத் தட்டுங்கள். இடது பொத்தானால்தான் இழுப்பேன் என்றால் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். எந்த விசையும் இல்லாமல் இழுத்தால் என்ன ஆகும்? ஒரே டிரைவுக்குள் என்றால் ஃபோல்டர் இடம் மாறும். டி-யிலிருந்து டெஸ்க்டாப்புக்கு என்றால் முழு நகல் உருவாகும். இந்த இரண்டாவதுதான் வம்பு: இன்று டெஸ்க்டாப் நகலில் கணக்கைத் திருத்துவீர்கள், நாளை டி டிரைவில் திறந்தால் பழைய கணக்கே இருக்கும்.

மெனு வழியும் உண்டு. ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், 'சென்ட் டு', பிறகு 'டெஸ்க்டாப்'. விண்டோஸ் 11-இல் 'சென்ட் டு' உடனே கண்ணில் படாது. 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்தியபின் வரும். ஷிஃப்டைப் பிடித்தபடி ரைட் கிளிக் செய்தால் பழைய மெனு நேராகவே திறக்கும். உருவான ஷார்ட்கட்டின் பெயரில் 'ஷார்ட்கட்' என்று ஒரு வால் ஒட்டியிருக்கும். எஃப்2 அழுத்தி வாலை நறுக்கிவிடலாம்.

தினமும் பத்து முறை திறக்கும் ஃபோல்டர் என்றால் அதற்கு விசை வைப்பது நல்லது. ஷார்ட்கட்டைத் தேர்ந்து ஆல்ட்+என்டர் அழுத்தினால் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறக்கும். அங்கே 'ஷார்ட்கட் கீ' கட்டத்தில் 'நன்' (None) என்று இருக்கும். அதைச் சொடுக்கி, கே என்ற ஓர் எழுத்தை மட்டும் தட்டுங்கள். கன்ட்ரோல்+ஆல்ட்+கே என்று விண்டோஸே நிரப்பிக்கொள்ளும். ஓகே கொடுத்தால் முடிந்தது. ஷார்ட்கட் டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருக்கும்வரைதான் இந்த விசை வேலை செய்யும். வேறு ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டால் செத்துவிடும். எழுத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வேர்டில் கன்ட்ரோல்+ஆல்ட்+எம் கமென்ட் போடுவதற்கு, கன்ட்ரோல்+ஆல்ட்+1 தலைப்பு வைப்பதற்கு. அவற்றை ஃபோல்டருக்குக் கொடுத்துவிட்டால் வேர்டுக்குக் கிடைக்காது.

டாஸ்க்பாரில் வைக்க நினைத்து ஃபோல்டரை அங்கே இழுத்தால் தனி ஐகான் வராது. ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸில் 'டார்கெட்' கட்டத்துக்குப் போய், இருக்கும் முகவரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளோரர் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விடுங்கள். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் முகவரியை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். அதன்பின் ரைட் கிளிக் மெனுவில் 'பின் டு டாஸ்க்பார்' கிடைக்கும். எல்லா ஃபோல்டருக்கும் ஒரே மாதிரி ஐகான் வந்து குழப்பினால், பின் செய்வதற்கு முன்பே 'சேஞ்ச் ஐகான்' வழியாக வேறு படம் வையுங்கள். இவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்பவர்களுக்கு 'பின் டு குவிக் ஆக்சஸ்' போதும். எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கம் ஃபோல்டர் நிற்கும். 'சேவ் ஆஸ்' பெட்டியிலும் அது தெரிவதால், ஃபைல் சேமிக்கும்போது டெஸ்க்டாப் ஷார்ட்கட்டைவிட இதுவே கைகொடுக்கும்.

இனி, பலர் ஏமாறும் இடம். ஷார்ட்கட் என்பது வெறும் முகவரிச் சீட்டு. ஓரிரு கேபி-தான் இருக்கும். அதை அழித்தால் ஃபோல்டருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதைப் பென் டிரைவில் காப்பி செய்து ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனால் அங்கே எதுவும் திறக்காது, ஏனென்றால் போனது சீட்டு மட்டும்தான். ஐகானின் கீழ் இடது மூலையில் சிறு அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட். ரைட் கிளிக்கில் 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுத்து அசல் இருக்கும் இடத்துக்குப் போய், அங்கிருந்து காப்பி எடுங்கள்.

இருந்த ஷார்ட்கட் திடீரென்று திறக்காமல் போனால், ஃபோல்டர் வேறு டிரைவுக்கு மாறியிருக்கலாம். (அதே டிரைவுக்குள் மாற்றியிருந்தால் பெரும்பாலும் விண்டோஸே தேடிப் பிடித்துவிடும்.) ஷார்ட்கட்டை அழித்துவிடவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, டார்கெட்டில் புதிய முகவரியைக் கொடுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்கில் உள்ள ஃபோல்டர் என்றால் அடிக்கடி இப்படி ஆகும். செருகும்போது டிரைவ் எழுத்து மாறிவிடுவதே காரணம். விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதியில் அந்த டிரைவுக்குப் பி (P) போன்ற தள்ளியிருக்கும் எழுத்தாகக் கொடுத்துவிட்டால் மாறாது. ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகம்) மூலம் டெஸ்க்டாப்பை இரண்டு கணினிகளில் இணைத்திருப்பவர்களுக்கு ஷார்ட்கட் இரண்டாவது கணினியிலும் தோன்றும். அங்கே அதே பாதையில் டி டிரைவ் ஃபோல்டர் இல்லையென்றால் திறக்காது.

நீங்கள் போடாத ஷார்ட்கட் பென் டிரைவில் இருந்தால் தொடாதீர்கள். ஃபோல்டர்களை மறைத்து, அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும் வைரஸ் உண்டு. டபுள் கிளிக் செய்தால் உங்கள் கணினிக்கும் தொற்றும். முதலில் ஆன்டிவைரஸால் ஸ்கேன் செய்துவிட்டு, எக்ஸ்ப்ளோரரின் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'வியூ' பகுதிக்குப் போய், மறைந்த ஃபைல்களைக் காட்டு என்பதைத் தேர்ந்து, சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். அசல் ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். உள்ளே இருப்பவற்றை வெளியே எடுத்துக்கொண்டு, டிரைவை ஃபார்மேட் செய்துவிடலாம்.