துளசி, கற்பூரவல்லிக் கஷாயம்: அடுப்பை அணைத்த பிறகு இலை போடுங்கள்

துளசியோ கற்பூரவல்லியோ கஷாயம் வைக்கும்போது இலையைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்க விடாதீர்கள். தண்ணீர் தளதளவெனக் கொதித்ததும் அடுப்பை அணைத்து, கசக்கிய இலையைப் போட்டு, உடனே தட்டால் மூடி 10 நிமிடம் விடுங்கள். மூடியைத் திறக்கும்போது அதன் அடியில் முத்து முத்தாக நிற்கும் நீரையும் பாத்திரத்துக்குள்ளேயே வழித்துவிடுங்கள். நல்ல வாசனை அதில்தான் இருக்கும்.

துளசியில் யூஜெனால், கற்பூரவல்லியில் கார்வக்ரால், தைமால் ஆகியவை முக்கியமான பொருட்கள். எல்லாமே ஆவியாகும் எண்ணெய் வகை. திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும். வீடு முழுக்க மணக்கிறது என்றால் டம்ளருக்கு வரவேண்டியது காற்றில் கலக்கிறது என்று அர்த்தம். அடுப்பை முன்னாலேயே அணைப்பதால் கேஸும் மிச்சம்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் துளசிக் கட்டு வாங்கினால் அன்றன்றைக்கே பயன்படுத்துவது நல்லது; வாடினாலும் இந்த எண்ணெய் குறையும்.

ஆனால் எல்லா மூலிகைக்கும் இது சரிவராது. நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆன்ட்ரோகிராஃபோலைடும், ஆடாதொடையின் வாசிசினும் ஆவியாகிப் போகிறவை அல்ல. அவற்றையும், அதிமதுரம் போன்ற கெட்டியான வேர்களையும் நன்றாகக் கொதிக்க வைத்தால்தான் சாறு இறங்கும். அப்புறம், கர்ப்பிணிகள் ஆடாதொடையைத் தொடவே வேண்டாம். வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது.